‘சீரியஸ்’ என்பது நோயின் பெயரல்ல

அன்பு மகனே,

இங்கே நலம். கடிதத்தின் முதல் வரியில் எல்லாரும் கடமைக்குப் போடுகிற நலம் இல்லை இது. ஒரு வாரமாக இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி, இதை எழுதுவதா வேறொன்றை எழுதுவதா என்று அல்லாடி, கடைசியில் இதுதான் சரி என்று எழுதியிருக்கிறேன். ஏன் என்பது முழுக்கப் படித்தால் தெரியும். உனக்குத்தான் எதையும் பாதியில் விட்டு எழுந்துபோகிற பழக்கமாயிற்றே, அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி விலாசத்துக்கே வந்தது. வடக்கே அந்த உருக்காலை ஊருக்கு நீ போய், அங்குள்ள ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கிளார்க்காகச் சேர்ந்து நாலு மாதம் ஆகப்போகிறது. அம்மா ராயபுரத்தில் பார்க்கிற அதே வேலை. டாக்டர் சீட்டில் எழுதிய நோயைப் படித்து, அதற்குரிய எண்ணைப் புத்தகத்தில் தேடிப் பக்கத்தில் எழுதுகிற வேலை. உலகத்துக்கே ஒரே எண்தானம்மா, எந்த பாஷைக்காரன் பார்த்தாலும் இன்ன நோய் என்று தெரிந்துகொள்வான் என்று சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் நகரும்போதுகூடப் பெருமையடித்துக்கொண்டு போனாய். இப்போது மூன்று சந்தேகம் கேட்டிருக்கிறாய். நடுவில் சப்பாத்தி தொண்டையில் இறங்கவில்லை என்கிறாய், குளிர் என்கிறாய், ஹெட்கிளார்க் எல்லார் முன்னாலும் கேலி செய்தார் என்கிறாய். எல்லாம் எழுதி முடித்து, கையெழுத்துக்கு மேலே ஒட்டினாற்போல ஒரு வரி: ‘நீ அங்கே ஒண்டியாகக் கிடக்கிறாய், அதற்காகவே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாம் என்றிருக்கிறேன், நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும்.’

மறைப்பானேன், அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நீ போன பிறகு நான் இருக்கிற இருப்பு உனக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு ரெக்கார்டு ரூமைப் பூட்டினால் எனக்கு வீட்டுக்குப் போக மனசு வருவதில்லை. கல்மண்டபம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். மீன்காரி கூறு கட்டி வைத்திருப்பதில் ஆகச் சின்னக் கூறை எடுத்தாலும் எனக்கு அது அதிகம். ஆஸ்பத்திரியில் என் ஜன்னலுக்கு வருகிற நோயாளிகளிடம் சீட்டுக்கு வேண்டாத கேள்வியெல்லாம் கேட்கிறேன். வீட்டில் யார் சமைக்கிறார்கள், பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறீர்கள், அந்த ஊரில் மழை உண்டா. போன வாரம் டாக்டரம்மா, “ஜன்னல்ல க்யூ நிக்குது, நீங்க என்ன சம்பந்தம் பேசுறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மறுநாளும் கேட்டேன். ராத்திரி ஹார்பரில் கப்பல் ஊதினால், முன்பெல்லாம் நீ தூக்கத்தில் புரண்டு படுப்பாய். இப்போது அந்தச் சத்தம் வந்தால் வெறும் சத்தமாக வந்துவிட்டுப் போகிறது.

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு மைமூனிடம் படித்துக் காட்டினேன். அவளும் நானும் ஒரே குழாயில் இருபது வருஷமாகத் தண்ணீர் பிடிக்கிறவர்கள், உன்னை மடியில் போட்டுக்கொண்டு பீடி சுற்றினவள் அவள். கேட்டுவிட்டு, இதற்கெதற்கு லெட்டர் கிட்டர் எல்லாம் என்றாள். “யக்கா, வேலய வுட்டுட்டு வான்னு நீ எய்தினா, நாளிக்கு அதுக்கொரு கஷ்டம்னா உன்னத்தான் சொல்லும். தந்தி ஒண்ணு குடு. மதர் சீரியஸ்னு. புள்ள பறந்துகினு வரும். வந்தப்புறம் யாரு அனுப்பப் போறா?” என்றாள். அவள் சொன்னதில் புதுசு ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் வெளியூர் போன பிள்ளைகளைக் கூப்பிடுகிற வழியே அதுதானே. மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தாலும் அதுதான், பாகப்பிரிவினைக்கும் அதுதான், சும்மா பார்க்கவேண்டும் போலிருந்தாலும் அதுதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவள் வீட்டுக்காரர் தபாலாபீஸ் பக்கம் போவார், கொடுத்துவிடுகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தந்தி வராமல் இந்தக் கடிதம் வந்திருக்கிறதே, ஏன்? அதைச் சொல்வதற்கு உன் சந்தேகங்களின் வழியாகத்தான் நான் வரவேண்டும். பொறு.

புத்தகம் இரண்டு வால்யூம் அல்லவா. நீ அகர வரிசையில் இருக்கிற இரண்டாவதை மட்டும் திறந்து, கண்ணில் பட்ட எண்ணை அப்படியே எழுதிவிடுகிறாய் என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அது கூடாது. ஈரலில் சீழ்க்கட்டி என்றால் ஈரலைத் தேடாதே, கட்டியைத் தேடு. உடம்பின் உறுப்பு நோயாகாது, அதற்கு வந்ததுதான் நோய். அங்கே எண் கிடைத்ததும் முதல் வால்யூமைத் திறந்து, அந்த எண்ணுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது, எது சேரும், எது சேராது என்று பார்த்த பிறகுதான் பேனாவைத் தொடவேண்டும். சோம்பல்பட்டால் ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்ட கதையாகிவிடும். மனப்பாடமாக இருக்கிறது என்று நானே இப்போதும் எழுதுவதில்லை, திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

டைபாய்டு விஷயத்தைப் படித்ததும் மண்டையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் டைபாய்டு என்று எழுதி முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். நீ அந்தக் கேள்விக்குறியைக் கண்டுகொள்ளாமல் டைபாய்டு எண்ணைப் போட்டிருக்கிறாய், அதுவும் ஒரு சீட்டா இரண்டு சீட்டா. மாதக் கடைசியில் கணக்கு மேலே போனதும், தொழிலாளர் காலனியில் டைபாய்டு பரவுகிறதென்று குடிதண்ணீரைச் சோதிக்க ஆள் வந்து, காலனியே வெந்நீர் காய்ச்சி, கடைசியில் பாதிப்பேருக்கு வெறும் மலேரியா என்று தெரிந்திருக்கிறது. ஹெட்கிளார்க் உன்னைப் பார்த்து, மதராஸி பாபு ஊருக்கே டைபாய்டு கொண்டுவந்துவிட்டார் என்று சொன்னதில் என்ன தப்பு? எனக்கே சிரிப்பு வந்தது. கோபித்துக்கொள்ளாதே. டாக்டர் கேள்விக்குறி போட்டால், எனக்கு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். தெரியாததை நீ தெரிந்ததாக ஆக்கக் கூடாது. சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், பரிசோதனை முடிவு வந்ததா, இன்னது என்று தீர்ந்ததா என்று கேட்கவேண்டும். தீரவில்லை என்றால் காய்ச்சல் என்றே போடு. காய்ச்சல் என்பது வெறும் அறிகுறிதான், ஆனால் அது பொய் இல்லை.

அடுத்தது, ஒரே சீட்டில் நாலைந்து நோய் எழுதியிருந்தால் எதை முதலில் போடுவது என்று கேட்டாய். முதலில் எழுதியதை முதலில் போடாதே. எதற்காக அந்த ஆள் வந்தான், எதற்காக வைத்தியம் நடந்தது என்று சீட்டை முழுக்கப் படி. போன வருஷம் எண்ணூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். முழங்கால் வலி என்றாள், தலை சுற்றுகிறது என்றாள், மருமகள் குழம்பில் உப்பு போடுவதில்லை என்றாள். டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். எழுந்து கதவுவரை போனவள் திரும்பி வந்து, மாரில் ஒரு கட்டி இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டாள். அதற்காகத்தான் அவள் விடியுமுன்னே கிளம்பி வந்திருக்கிறாள். சீட்டில் அது கடைசி வரி, ஆனால் முதல் எண் அதற்குத்தான்.

உன் கடிதத்திலும் கடைசி வரிதானே முதல் எண் என்று நீ கேட்கலாம். நானும் அப்படித்தான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்காகப் பிள்ளை வேலையை விடுகிறான், எவ்வளவு பாசம் என்று மைமூனிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். அப்புறம்தான் உன் அப்பாவின் ஞாபகம் வந்தது.

ஹார்பரில் சணல் பொதி சரிந்து அப்பாவின் மேல் விழுந்தபோது நீ இரண்டாம் வகுப்பு. தொடை எலும்பு முறிந்து இதே ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டுப்போட்டுப் படுத்த படுக்கையாகவே இருந்து, நெஞ்சில் சளி கட்டி, ஜுரம் ஏறி, கடைசியில் மூச்சு நின்றது. அதற்கப்புறம் இங்கே எனக்கு வேலை கொடுத்து எழுதப் படிக்கத் தெரிந்த கையை எண் போடுகிற கையாக மாற்றிய ரெக்கார்டு ரூம் சிஸ்டர், எனக்கு வேலை பிடிபட்ட பிறகு ஒரு நாள், மனசு தாங்குமா என்று கேட்டுவிட்டு, அப்பாவின் சீட்டையே என்னிடம் கொடுத்தார். இதயம் நின்றது என்று மட்டும் எழுதிவிடாதே, எல்லாருக்கும் கடைசியில் அது நிற்கத்தான் செய்யும் என்றார். “அதுக்கு முன்னால என்ன? அதுக்கும் முன்னால என்ன? ஆரம்பிச்ச இடம் வர்றவரைக்கும் கேளு.” மூச்சு நிற்பதற்கு முன்னால் நிமோனியா. அதற்கு முன்னால் எலும்பு முறிவு. அதற்கும் முன்னால் மேலேயிருந்து விழுந்த பொதி. அடிபட்டு வருகிற சீட்டுக்கு இரண்டு எண் எதற்கு என்று மூன்றாவதாகக் கேட்டிருக்கிறாயே, இதற்குத்தான். உடம்புக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஒன்று, எதனால் ஆயிற்று என்பதற்கு ஒன்று. முதலாவதை மட்டும் எழுதினால் எலும்பு முறிந்த கதை தெரியும். இரண்டாவதையும் எழுதினால்தான், ஹார்பரில் பொதி சரிகிறது, கயிற்றைப் பார் என்று யாராவது ஒருத்தர் சொல்வார். அந்த இரண்டு எண்ணையும் நான் என் கையாலேயே எழுதினேன். அன்றைக்கு அழவில்லை, வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போது அழுதேன். மிளகாய்க் காரம் என்று சொன்னேன், நீ நம்பினாய்.

அதே கேள்வியை உன் கடைசி வரிக்குக் கேட்டுப் பார்த்தேன். வேலையை விடவேண்டும் என்கிறான். அதற்கு முன்னால் என்ன? ஹெட்கிளார்க் கேலி செய்தார். அதற்கு முன்னால்? சீட்டுகளைத் தப்பாகப் போட்டான். அதற்கும் முன்னால்? கேள்விக்குறியைப் பார்த்ததும் டாக்டரிடம் போய்க் கேட்காமல் இருந்துவிட்டான். ஏன் கேட்கவில்லை? அவர்களுடைய இந்தி உனக்கு வரவில்லை, உன் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று கூச்சம். நாலு மாதமாக அந்த ஊரில் ஒரு மனுஷரிடம் வாய்திறந்து பேசாமல் கிடக்கிறாய் நீ. ஆரம்பித்த இடம் அதுதான். அதில் நான் எங்கே வருகிறேன்? நான் ஒண்டியாக இருக்கிறேன் என்பது நிஜம். அதற்காக நீ வேலையை விடுகிறாய் என்பது நிஜமில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று என்மேல் எழுதாதே, ராசா. எனக்குக் கோபம்கூட வந்தது. உன் கூச்சத்தை மூடிமறைக்க அம்மாவா கிடைத்தாள் உனக்கு?

இவ்வளவும் தெரிந்த பிறகும், தந்தி வேண்டாம் என்று மைமூனிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தக் காரணமானாலும் என்ன, பிள்ளை வந்தால் சரி என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை காலையில் தண்டையார்பேட்டை எத்திராஜு என்று ஒருத்தர் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பம்பாயில் மில் வேலையாம். ஃபாதர் சீரியஸ் என்று தந்தி போய், போட்டது போட்டபடி ரயிலேறி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் அப்பா வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளையைப் பார்த்து மூன்று வருஷமாயிற்றென்று அம்மாதான் தந்தி கொடுக்கச் சொன்னாளாம். மில்லில் டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். டாக்டரம்மா கிழவரை உச்சிமுதல் உள்ளங்கால்வரை பார்த்துவிட்டு, பரிசோதித்ததில் நோய் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். எத்திராஜு அந்தச் சீட்டோடு என் ஜன்னலுக்கு வந்து, சீரியஸ் என்று ஏதாவது ஒரு எண் போட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சினார். நான், ‘சீரியஸ்’ என்பது நோயின் பெயரல்ல ஐயா, அதற்கு எண் கிடையாது என்றேன். பலவீனம், தளர்ச்சி, மூப்பு என்கிற எண்களையே புத்தகத்தில், வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால்தான் தொடவேண்டும் என்று ஒரு மூலையில் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். சீரியஸுக்கு அந்த மூலைகூட இல்லை. டாக்டர் எழுதாததை நான் எழுத முடியாது என்றும் சொன்னேன்.

அவர் சண்டை போடவில்லை. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கிழவர் குற்றவாளி மாதிரி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எத்திராஜு, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ரயில்ல ரெண்டு ராத்திரிம்மா. வர்ற வய்யெல்லாம் அவுருக்கு நான் கொள்ளி வெச்சிகினே வந்தேன். யார் யாருக்குச் சொல்லி வுடணும், யாராண்ட துட்டு வாங்கணும், எல்லாம் முட்சிட்டேன். இங்க வந்தா கஞ்சி குட்சிகினு கீறாரு. இப்ப அவுரு மொகத்தப் பாக்க முடில. செத்தவரு மாறியே கீறாரு எனக்கு.”

மைமூனின் தந்தி உனக்கு வந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். நீ அந்த உருக்காலை ஊரில் ரயிலேறி, ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, சப்பாத்திகூட வாங்கித் தின்னாமல், என்னைப் பெட்டியில் வைத்து, மாதா கோயிலுக்குத் தூக்கிப்போய், அப்பாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, மண் தள்ளிக்கொண்டு வந்திருப்பாய். வாசலில் நான் சிரித்துக்கொண்டு நின்றிருப்பேன். அப்பாவைப் புதைத்த பிள்ளையை இன்னொரு தடவை அதைச் செய்ய வைக்க நான் யார்? டாக்டரம்மா மில்லுக்கு, தந்தியை நம்பி வந்தவர் இவர், இவர்மேல் தப்பில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த மனுஷரின் வேலை மிஞ்சியதா என்று தெரியவில்லை. நான் பகல் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிப்போய், தந்தி வேண்டாம் என்று மைமூனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, “நல்லா யோசிச்சிக்கோ யக்கா, ராத்திரில அய்வுறது எனக்குக் கேக்குது” என்றாள். சுவர் அவ்வளவு மெல்லிசு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகையால் நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை நான் எழுதமாட்டேன். வேலையை விடாதே. நாளைக்குக் காலையில் கேள்விக்குறி போட்ட முதல் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. உடைந்த இந்தியில் கேள், உடைந்த இங்கிலீஷில் கேள், சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும். கேட்கக் கேட்க உனக்கு அங்கே நாலு பேர் கிடைப்பார்கள். அப்படியும் ஒரு வருஷம் கழித்து அந்த ஊர் ஒத்துவரவில்லை என்றால், எனக்கு இந்த ஊர் ஒத்துவரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வா. காரணம் உன்னுடையதாக இருக்கட்டும், கதவு திறந்திருக்கும்.

எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. மிகவும் இருக்கிறது. இதில் நோய் ஒன்றும் இல்லை, அதனால் இதைச் சொல்ல வெட்கப்படவும் இல்லை. புத்தகத்தின் வாலில், நோயில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கென்று கொஞ்சம் எண் வைத்திருக்கிறார்களே, பார்த்திருப்பாய். எத்திராஜுவின் அப்பாவுக்கு அதிலிருந்துதான் நான் எண் போட்டேன். அப்படி நீயும் ஒன்றுமில்லாமல் வா. கிறிஸ்மஸுக்கு லீவு கேள். உன் ஆபீஸில் எல்லாரும் மதர் சீரியஸ் என்றுதான் எழுதுவார்கள், நீ அப்படி எழுதாதே. அம்மாவைப் பார்க்க என்று எழுது. கொடுத்தால் வா, கொடுக்கவில்லை என்றால் ஈஸ்டருக்குக் கேள். நான் இருப்பேன்.

கடைசியாக ஒன்று. மைமூன் மனசு கேட்காதவள், என்றைக்காவது எனக்குத் தெரியாமல் தந்தி கொடுத்தாலும் கொடுப்பாள். சீரியஸ் என்று மட்டும் போட்டு வந்தால், அது நான் அனுப்பியது இல்லை. பயப்படாதே, சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ. எனக்கு நிஜமாகவே முடியாமல் போனால், டாக்டரம்மாவிடம் கேட்டு, கேள்விக்குறி இல்லாமல், நோயின் பெயரைப் போட்டுத்தான் தந்தி வரும். மைமூனிடமும் டாக்டரம்மாவிடமும் சொல்லி வைத்துவிட்டேன். அப்படி ஒரு பெயர் வந்தால், அன்றைக்கு மட்டும் நீ புத்தகத்தைத் திறக்காதே. ரயிலேறு.

இப்படிக்கு,
இன்றைக்கு நலமாக இருக்கிற
உன் அம்மா